எதிர்பாராத முடிவு எங்கே தொடங்குகிறது: திருப்பச் சிறுகதைகளின் உத்திகளைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' கதை 1884 பிப்ரவரியில் பாரிஸின் 'லெ கோல்வா' நாளிதழில் வெளிவந்தது. இன்றும் பள்ளிப் பாடநூல்களில் அதைப் படிக்கிறோம். படித்து முடித்ததும் வகுப்பில் பெரும்பாலும் வரும் கேள்வி, "இக்கதை தரும் நீதி என்ன?" என்பதுதான். "பேராசை பெருநஷ்டம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்தக் கடைசி வரி நம்மை ஏன் அப்படி உலுக்கியது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

எதிர்பாராத முடிவு கடைசிப் பத்தியில் உருவாவதில்லை. முதல் பக்கத்திலேயே அதற்கு அடித்தளம் போட்டாகிவிடுகிறது. நல்ல திருப்பக் கதையில் விடை நம் கண்முன்னேதான் கிடக்கும். அதை நாம் பார்க்காதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். அதை எப்படிச் செய்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கும் முறைதான் இந்த வழிகாட்டி. இலக்கிய மாணவர்களுக்கும், கதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும், படித்த கதையை இன்னும் ஆழமாக ரசிக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஐந்து கதைகளை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்: மாப்பசானின் 'நெக்லஸ்', அம்புரோஸ் பியர்ஸின் 'ஔல் கிரீக் பாலத்தில் ஒரு சம்பவம்' (1890), கேட் ஷோபினின் 'ஒரு மணி நேரத்தின் கதை' (1894), ஓ. ஹென்றியின் 'மாகிகளின் பரிசு' (1905; மாகிகள் என்போர் குழந்தை ஏசுவுக்குப் பரிசு கொண்டுவந்த ஞானிகள்), சாகியின் 'திறந்த ஜன்னல்' (1914இல் நூலாக வந்த தொகுப்பில் உள்ளது). எல்லாவற்றின் முடிவுகளையும் கீழே உடைத்துப் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் தயவுசெய்து முதலில் கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள். எல்லாமே சிறியவை, ஷோபினின் கதை ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். முதல் வாசிப்பின் அதிர்ச்சி ஒருமுறைதான் கிடைக்கும். அதை என் கட்டுரை உங்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

படி 1: முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்

கதையை ஒரே மூச்சில் படியுங்கள். அடிக்கோடு வேண்டாம், குறிப்பு வேண்டாம். ஆசிரியர் விரித்த வலையில் முழுதாக விழுந்தால்தான் வலை எங்கே கட்டப்பட்டிருந்தது என்று பிறகு தேட முடியும். முடித்தவுடன் இரண்டே விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வரியில் அதிர்ந்தீர்கள்? அந்த வரி வரை என்ன நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில்தான் பின்னால் மிகவும் உதவும்.

படி 2: யாருக்கு எது தெரியாமல் போனது என்று எழுதுங்கள்

திருப்பம் என்பது அறிதலில் நேரும் மாற்றம். அதனால் முடிவை "யாருக்கு எது தெரியாது" என்ற வடிவத்தில் ஒரு வாக்கியமாக்கிப் பாருங்கள். எந்த வகை முரண், அதாவது நினைத்ததற்கும் நடந்ததற்கும் எப்படிப்பட்ட இடைவெளி, என்பது தானாகப் பிடிபடும்.

'நெக்லஸ்': தான் இரவல் வாங்கிய நகை போலி என்பது நாயகி மதில்டுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. நினைத்ததற்கு நேர்மாறாக நிகழ்வு அமைவதால் இது சூழல் முரண்.

'மாகிகளின் பரிசு': கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க டெல்லா கூந்தலை விற்கிறாள்; அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்க ஜிம் கடிகாரத்தை விற்கிறான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இதுவும் சூழல் முரண்தான், ஆனால் இரட்டையாகப் பின்னப்பட்டது.

ஷோபினின் கதை வேறு ரகம். கணவன் ரயில் விபத்தில் இறந்ததாகச் செய்தி வருகிறது. அறைக்குள் தனியாகப் போன திருமதி மல்லார்டுக்குத் துக்கத்தின் அடியிலிருந்து விடுதலை உணர்வு பொங்குகிறது. கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். அவள் விழுந்து இறக்கிறாள். மகிழ்ச்சி தாங்காமல் இறந்தாள் என்கிறார்கள் மருத்துவர்கள். இங்கே தெரியாதவர்கள் கதைக்குள் இருப்பவர்கள், தெரிந்தவர்கள் நாம். அதனால் இது நாடக முரண். மற்றக் கதைகளின் முடிவுகள் நம்மைத் திகைக்க வைக்கின்றன. இந்த முடிவோ, உண்மை தெரிந்த ஒரே சாட்சியாக நம்மை நிறுத்திவிட்டுப் போகிறது. ஐந்து கதைகளில் என்னை அதிகம் பாதித்தது இதுதான். ஷோபினின் தந்தை 1855இல் ரயில் பாலம் இடிந்த விபத்தில் இறந்தவர் என்பதை அறிந்து படிக்கும்போது, அந்த ரயில் விபத்துச் செய்தி இன்னும் கனமாகிறது.

படி 3: கதை யாருடைய கண்ணில் நிற்கிறது?

ஒரு செய்தியை மறைக்க ஆசிரியருக்கு மிக நேர்மையான வழி நோக்குநிலை. கதாபாத்திரம் பார்க்காததை வாசகரும் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

ஓ. ஹென்றி டெல்லாவை விட்டு நகர்வதே இல்லை. அவள் கண்ணாடி முன் நிற்பதையும், முடி வாங்கும் கடைக்கு ஓடுவதையும், சமையலுக்குத் தயாராவதையும் பார்க்கிறோம். அதே நாட்களில் ஜிம் என்ன செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரே பத்தியில், அந்த வீட்டின் இரண்டு பெருமைகள் என்று ஜிம்மின் கடிகாரத்தையும் டெல்லாவின் கூந்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார். தராசின் இரண்டு தட்டும் நம் முன்னே. ஒன்றை மட்டும் பார்க்கப் பழக்கிவிட்டார்.

மாப்பசான் இன்னும் நுட்பமானவர். தோழி ஃபொரெஸ்தியே அம்மாளின் நகைப்பெட்டியில் மதில்ட் தேடும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். கறுப்பு சாட்டின் பெட்டியில் அற்புதமான வைர நெக்லஸைக் "கண்டுபிடித்தாள்" என்று எழுதுகிறார். நெக்லஸ் வைரம் என்று கதைசொல்லியே சொல்லிவிட்டாரே, இது பொய்யில்லையா என்று சிலர் வாதிடுவதுண்டு. என் பார்வையில் பொய் இல்லை. அந்த வாக்கியத்தின் கண்கள் மதில்டுடையவை. வாழ்நாளில் ஒரு நகைகூட இல்லாதவள், நகைக்காக ஏங்கியே வளர்ந்தவள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்டவள். வைரம் எது, கண்ணாடி எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

படி 4: கடைசியிலிருந்து பின்னோக்கிப் போய் முன்குறிப்புகளைத் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் கொடுக்க வேண்டும். ஒரு தாளை இரண்டு பத்தியாக மடியுங்கள். இடப்பக்கம், முதல் வாசிப்பில் ஒரு வரி தந்த பொருள். வலப்பக்கம், முடிவு தெரிந்தபின் அதே வரி தரும் பொருள். இரண்டும் வேறுபடும் ஒவ்வொரு வரியும் ஒரு முன்குறிப்பு.

'நெக்லஸ்' கதையில் செய்து பார்ப்போம்.

மதில்ட் நெக்லஸை இரவல் கேட்கத் தயங்கித் தயங்கி வாய் திறக்கிறாள். தோழி உடனே, "அதற்கென்ன, தாராளமாக" என்கிறாள். முதல் வாசிப்பில் இது பணக்காரத் தோழியின் பெருந்தன்மை. இரண்டாவது வாசிப்பில், மலிவான பொருள் என்பதால் வந்த அலட்சியம்.

நெக்லஸ் தொலைந்தபின் கணவனும் மனைவியும் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நெக்லஸை விற்றது நான் இல்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்கும் என்கிறார். முதல் வாசிப்பில் இது தேடலில் வந்த இன்னொரு முட்டுக்கட்டை. இரண்டாவது வாசிப்பில் விடையே இதுதான். உயர்தரக் கடையின் பெட்டிக்குள் வேறெங்கோ வாங்கிய பொருள். கதையின் நடுவிலேயே மாப்பசான் உண்மையைச் சொல்லிவிட்டார். நாமும் அந்தத் தம்பதியைப் போலவே பதற்றத்தில் அடுத்த கடைக்கு ஓடுகிறோம்.

தொலைந்ததற்குப் பதிலாகக் கடன்பட்டு வாங்கிய புதிய நெக்லஸைத் திருப்பித் தரும்போது தோழி கொஞ்சம் கடுப்பாகப் பேசுகிறாள், ஆனால் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 36,000 ஃபிராங்க் மதிப்புள்ள நகை திரும்பி வந்தால் யாராவது பார்க்காமல் இருப்பார்களா?

இப்படி மூன்று, நான்கு வரிகள் கிடைத்துவிட்டால், மாப்பசான் எவ்வளவு நியாயமாக ஆடியிருக்கிறார் என்பது விளங்கும். "பேராசை பெருநஷ்டம்" என்ற நீதியும் இங்கே ஆட்டம் காண்கிறது. நெக்லஸ் தொலைந்ததும், கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்கு எழுதச் சொல்பவன் கணவன்; அவன் சொல்லச் சொல்ல மதில்ட் எழுதுகிறாள். அந்த ஒரு கடிதத்தில் உண்மை எழுதப்பட்டிருந்தால் பத்தாண்டுக் கடன் இல்லை. தொலைத்ததை எப்பாடு பட்டாவது திருப்பிக் கொடுக்கும் நேர்மை அவர்களிடம் இருந்தது. தொலைத்துவிட்டோம் என்று சொல்லத்தான் முடியவில்லை. முடிவின் வலி அந்த இடைவெளியிலிருந்து வருகிறது. தேர்வில் நீதியைப் பற்றிக் கேட்டால்கூட இதை எழுதலாம்.

படி 5: கவனம் எங்கே திருப்பப்பட்டது?

குறிப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. நம் பார்வை வேறு பக்கம் போகவும் வேண்டும். இதைத் திசைதிருப்பல் என்கிறோம்.

தோழி பெட்டியைத் திறக்காத அந்தக் கணத்தை மறுபடி பாருங்கள். மாற்று நகை என்று கண்டுபிடித்திருந்தால் என்ன நினைத்திருப்பாள், தன்னைத் திருடி என்று எண்ணியிருப்பாளோ என்ற மதில்டின் அச்சத்தை மாப்பசான் அதே இடத்தில் வைக்கிறார். நாமும் அந்த அச்சத்தில் கலந்துகொண்டு, "நல்லவேளை, பார்க்கவில்லை" என்று மூச்சு விடுகிறோம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஒரு தவறான பயத்தைக் கொடுத்துச் சரியான சந்தேகத்தை அணைத்துவிட்டார்.

இன்னொரு உத்தி, போலி முடிவு. கடனெல்லாம் தீர்ந்தபின், அந்த நெக்லஸ் தொலையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வாழ்க்கை எவ்வளவு விசித்திரமானது என்ற பாணியில் ஒரு சிறிய பத்தி வருகிறது. கதை அங்கேயே முடியலாம். நம் மனமும் முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு தளர்கிறது. அடுத்த பத்தியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷான்ஸெலிஸே வீதியில் தோழியைச் சந்திக்கிறாள் மதில்ட்.

படி 6: காலம் எப்படி ஓடுகிறது?

கதையில் எந்த நேரம் நீட்டப்படுகிறது, எது சுருக்கப்படுகிறது என்று அளந்து பாருங்கள். 'நெக்லஸ்' கதையில் பத்தாண்டு வறுமை சில பத்திகளில் கடந்துவிடுகிறது. காலத்தை வைத்தே முழுத் திருப்பத்தையும் கட்டிய கதை என்றால் அது பியர்ஸுடையது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம், வடக்கு அலபாமா. ஒரு ரயில் பாலத்தின் மேல் பெய்டன் ஃபார்க்கர் தூக்கிலிடப்படக் காத்திருக்கிறான். கயிறு அறுகிறது, ஆற்றில் விழுகிறான், தப்பி ஓடுகிறான், வீடு சேர்ந்து மனைவியை அணைக்கக் கை நீட்டுகிறான். கடைசி வரியில் அவன் கழுத்து முறிந்து பாலத்தின் கீழே தொங்குகிறான். தப்பித்தது முழுவதும் விழும் கணத்தில் மனம் கண்டது. பியர்ஸ் வடதரப்புப் படையில் போரிட்டவர். முதல் பகுதியில் வீரர்கள் நிற்கும் முறை, துப்பாக்கி பிடிக்கும் முறை எல்லாம் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அந்த அனுபவமும் காரணம். அந்தத் துல்லியத்தால் நாம் அவரை நம்பிவிடுகிறோம். நம்பிக்கை உருவானபின்தான் மனத்துக்குள் அழைத்துப் போகிறார்.

இந்தக் கதையின் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதல் பகுதி, ஃபார்க்கர் நிற்கும் பலகையின் மறுமுனையிலிருந்து சார்ஜண்ட் விலகி நிற்பதோடு நிற்கிறது. அடுத்த வரியில் ஃபார்க்கர் விழ வேண்டும். அங்கே வெட்டி, இரண்டாம் பகுதியில் பின்னோக்குக்குப் போகிறார் பியர்ஸ்: அவன் யார், எப்படி மாட்டினான் என்பது. தென்தரப்பு வீரன் போல வேடமிட்டு வந்த உளவாளியிடம் ஏமாந்தவன் அவன். அவன் ஏமாந்ததைப் பற்றிப் படிக்கும்போதே நாமும் ஏமாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் பகுதிக்கு வரும்போது அந்தப் பலகையின் அவசரம் நமக்கு மறந்திருக்கிறது.

அந்த மூன்றாம் பகுதியின் முதல் வாக்கியமே, விழும்போது அவன் நினைவிழந்தான், ஏற்கெனவே இறந்தவன் போலானான் என்கிறது. இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியுமா! பிறகு வரும் குறிப்புகளும் அப்படித்தான். தண்ணீரிலிருந்தபடியே கரைக்காட்டின் இலைகளையும் அவற்றின் மேலுள்ள பூச்சிகளையும் பார்க்கிறான். பாலத்தின் மேலிருந்து குறிபார்ப்பவனின் கண் சாம்பல் நிறம் என்று காண்கிறான். காட்டுக்கு மேலே அறியாத நட்சத்திரக் கூட்டங்கள். நகரத் தெருவைப் போல அகலமான பாதை, ஆனால் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. கழுத்து வலிக்கிறது, நாக்கு வீங்குகிறது, காலடியில் தரை தெரியவில்லை. ஒவ்வொன்றும் தூக்குக் கயிற்றில் இருக்கும் உடலின் செய்தி. முதல் வாசிப்பில் அவற்றைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அவன் பிழைக்க வேண்டும் என்று விரும்பினோம். தொடக்கத்தில் தன் கடிகாரத்தின் ஓசை சம்மட்டி அடிபோலக் கேட்பதும், அடிகளுக்கிடையே இடைவெளி கூடிக்கொண்டே போவதும், காலம் இழுபடத் தொடங்கிவிட்டதற்கான முதல் அறிகுறி.

இலக்கணத்தையும் பாருங்கள். வீட்டு வாசலை அடையும்போது கதை நிகழ்காலத்துக்கு மாறுகிறது: நிற்கிறான், பார்க்கிறான், பாய்கிறான். கடைசி வாக்கியத்தில் இறந்தகாலம் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

படி 7: நியாயமாக மறைத்தாரா, ஏமாற்றினாரா?

எல்லாத் திருப்பமும் நல்ல திருப்பம் ஆகாது. "எல்லாம் கனவு" என்று கடைசியில் சொல்லும் கதைகள் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், முன்னே எந்தக் குறிப்பும் இல்லாமல் முடிவு வானத்திலிருந்து விழுவது. பியர்ஸின் கதையும் மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வகைதான். குறிப்புகள்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

இந்தச் சோதனைக்குச் சாகியின் 'திறந்த ஜன்னல்' மிகச் சரியான கதை. நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடிக் கிராமத்துக்கு வந்த ஃப்ராம்டன் நட்டலிடம், வீட்டுக்காரியை அத்தை என்றழைக்கும் பதினைந்து வயதுப் பெண் வெரா ஒரு சோகக் கதை சொல்கிறாள். மூன்றாண்டுகளுக்கு முன் வேட்டைக்குப் போன அத்தையின் கணவரும் தம்பிகளும் சேற்றில் புதைந்து இறந்துவிட்டார்கள், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அத்தை இன்னும் அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள் என்று. கொஞ்ச நேரத்தில் மூவரும் நாயுடன் புல்வெளியில் நடந்து வருகிறார்கள். நட்டல் பேயைக் கண்டவன்போல ஓடுகிறான். நமக்கும் ஒரு கணம் உடல் சிலிர்க்கிறது. பிறகுதான் தெரிகிறது, எல்லாம் அவள் கட்டிய கதை.

இங்கே பொய் சொன்னது கதைசொல்லி இல்லை. கதைக்குள் கதை சொல்லும் ஒரு பாத்திரம். நம்பகமற்ற சொல்லியை இப்படிப் பாத்திரமாக வைப்பது சாகியின் சாமர்த்தியம். குறிப்புகளையும் ஒளிக்கவில்லை. இங்கே யாரையாவது தெரியுமா, அத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாதா என்று வெரா முதலிலேயே விசாரித்துவிடுகிறாள். தன் சகோதரி நான்காண்டுகளுக்கு முன் இங்கே தங்கியிருந்தாள் என்று நட்டல் சொன்னதும், துயரம் நடந்தது மூன்றாண்டுகளுக்கு முன், உங்கள் சகோதரி போனபிறகு என்று காலத்தைக் கச்சிதமாகப் பொருத்துகிறாள். அந்த அறையில் ஆண்கள் புழங்கும் ஏதோ ஒரு அடையாளம் இருப்பதாக நட்டலே உணர்கிறான். உணர்ந்தும் அதைத் தொடர்ந்து யோசிக்கவில்லை, நாமும்தான். மூன்று நியாயமான குறிப்புகள், சில பக்கங்களுக்குள்.

நீங்கள் ஆராயும் கதைக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். கதைசொல்லியின் சொந்தக் குரலில் நேரடிப் பொய் இருக்கிறதா? முடிவுக்குத் தேவையான செய்தி முன்பே தரப்பட்டிருக்கிறதா? முதலாவதற்கு "இல்லை", இரண்டாவதற்கு "ஆம்" என்றால் கதை நேர்மையானது.

படி 8: எந்தச் சொல்லில் நிறுத்துகிறார்?

"என்னுடையது போலி. மிஞ்சிப்போனால் ஐந்நூறு ஃபிராங்க்!" என்ற பொருளில் தோழி பேசுவதோடு மாப்பசான் நிறுத்திவிடுகிறார். மதில்டின் முகம்கூட நமக்குக் காட்டப்படவில்லை. ஓ. ஹென்றி அப்படி நிறுத்துவதில்லை. பரிசுகள் வெளிப்பட்டபின் கதைசொல்லியே முன்வந்து, குழந்தை ஏசுவுக்குப் பரிசு கொண்டுவந்த ஞானிகளோடு இந்தத் தம்பதியை ஒப்பிட்டுப் பேசுகிறார். முதல் பத்தியில் ஒரு டாலர் 87 சென்ட்டை எண்ணியபோதே வாசகரோடு உரையாடத் தொடங்கிவிட்ட குரல் அது, அதனால் கடைசியிலும் பேசுவது பொருந்துகிறது. எனக்கு மாப்பசானின் மௌனம்தான் பிடிக்கும், ஆனால் ஓ. ஹென்றியின் கதை அன்பைப் பற்றியது, அதற்கு அந்த இதமான குரல் தேவைப்படுகிறது.

படி 9: விடையாக எழுதுவது

உத்தியின் பெயரைச் சொல்லி நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். உத்தி, அது வரும் இடம், அது வாசகரிடம் செய்யும் வேலை என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இப்படி: "ஷோபின் தன் நாயகிக்கு இதய நோய் உண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே முன்குறிப்பாக வைக்கிறார். கணவன் இறந்த செய்தி அவளைக் கொன்றுவிடுமோ என்று வாசகர் அஞ்சுகிறார். கொல்வது கணவன் உயிரோடிருக்கும் செய்தி. ஒரே குறிப்பு தவறான எதிர்பார்ப்பையும் உருவாக்குகிறது, முடிவுக்கான காரணத்தையும் தருகிறது."

கதை எழுதுபவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். முடிவைத் தீர்மானித்தபின், அதைக் காட்டிக்கொடுக்கும் மூன்று உண்மைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றையும், வாசகர் வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பத்தியில் வையுங்கள்.

படி 10: தனியாகச் செய்து பார்க்க ஒரு கதை

1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் வந்த ஷர்லி ஜாக்சனின் 'லாட்டரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் முடிவை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை படித்து அதிர்ந்தபின், இந்தக் கேள்விகளோடு திரும்பப் போங்கள். இரண்டாவது பத்தியில் சிறுவர்கள் எதைச் சேகரிக்கிறார்கள், அதை ஏன் விளையாட்டு என்று நினைத்தீர்கள்? கதைசொல்லி யாருடைய மனத்துக்குள்ளாவது நுழைகிறாரா? டெஸ்ஸி தாமதமாக வரும்போது ஊரார் சிரிப்பது இரண்டாவது வாசிப்பில் எப்படிக் கேட்கிறது? 'லாட்டரி' என்ற தலைப்பு உங்களை எதற்காகக் காத்திருக்க வைத்தது?